வேகம் வேறு, தாமதம் வேறு

ஒரு நாட்டின் வளர்ச்சியைச் சாலைகளைக் கொண்டு அளந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் மின்கம்பங்களைக் கொண்டு அளந்தார்கள். தொலைபேசிகளைக் கொண்டு அளந்தார்கள். இன்று இணையத்தைக் கொண்டு அளக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அந்த வாய்ப்பை முதலில் பெற்ற நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. அன்று தொலைபேசிக் கம்பி வழியே கிறீச்சிட்டுக்கொண்டு வந்த இணையம், இன்று மயிலாப்பூர் மாடவீதி வீடுகளிலும், தியாகராய நகர் அடுக்ககங்களிலும், அடையாற்று மாடியறைகளிலும் கண்ணாடி இழையாய் நுழைந்துவிட்டது. வளர்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வளர்ச்சியை நாம் சரியான கோல் கொண்டுதான் அளக்கிறோமா என்பதே என் கேள்வி.

நம் கல்லூரி உணவகத்திலே சிறிது நேரம் செவிகொடுத்தால் போதும். "நேத்து ராத்திரி செம லேக்டா", "பிங் இருநூறுக்குப் போயிடுச்சு", "சுவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்ச அப்புறம்தான் செத்தேன்" என்னும் புலம்பல்களைக் கேட்கலாம். இவை போர்க்களச் செய்திகள் அல்ல. வீட்டுக் கணிப்பொறியில் இணையவழி விளையாடும் நம் நண்பர்களின் அன்றாடக் குறைகள். புலம்பலின் முடிவில் யாராவது ஒருவர் தீர்வும் சொல்வார்: "நூறு மெகாபிட்டை முந்நூறாக்கு, எல்லாம் சரியாயிடும்." அதை நம்பி மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டுவோர் பலர். அது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் கருத்து. நோய் ஒன்றிருக்க, மருந்து வேறொன்றை வாங்குகிறோம். மாலையிலே வேலை பார்த்துக் காலையிலே வகுப்புக்கு வரும் மாணவர் நிறைந்த அரசு கல்லூரியிலே இது சிறிய செய்தி அன்று.

அகலமும் காலமும்

அண்ணா சாலையை நான்கு மடங்கு அகலமாக்கினால் ஒரே நேரத்தில் நான்கு மடங்கு வண்டிகள் ஓடலாம். ஆனால் அதனால் கிண்டி ஓர் அடியேனும் நம்மை நெருங்கி வருமா? வராது. விளம்பரங்களிலே பெரிய எழுத்தில் காணும் மெகாபிட் கணக்கு, சாலையின் அகலம். ஒரு விநாடியில் எவ்வளவு செய்தியை ஏற்றி அனுப்பலாம் என்பதை அது கூறும். ‘பிங்’ என்பதோ, ஒரு சிறு செய்தி நம் கணிப்பொறியிலிருந்து புறப்பட்டு, விளையாட்டை நடத்தும் சர்வரைத் தொட்டுத் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரம். அதனை மில்லி விநாடியில், அஃதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறோம். முன்னது அளவு, பின்னது காலம்.

ஒரு புதிய விளையாட்டைக் கணிப்பொறியில் இறக்கிக்கொள்ள அகலம் வேண்டும். பல கோடி எழுத்துக்கள் வந்து சேர வேண்டுமல்லவா? விளையாடும்போது அப்படியன்று. "இடப்பக்கம் திரும்பினேன்; குனிந்தேன்; சுட்டேன்" என்னும் சின்னஞ்சிறு செய்திகளே போய் வருகின்றன. பெரும்பாலான விளையாட்டுக்களுக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட்கூட முழுமையாய்த் தேவைப்படுவதில்லை. ஆனால் அச்சிறு செய்திகள் காலந்தவறாமல் போக வேண்டும். கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டின் சர்வர் விநாடிக்கு 64 முறையும், வாலரண்ட் சர்வர் 128 முறையும் களத்தின் நிலையைப் புதிதாய்க் கணக்கிடுகின்றன. நம் செய்தி பிந்தினால் கணக்கு நமக்காகக் காத்திராது.

சேப்பாக்கம் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வருகிறது. மட்டையாளர் அதனை விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகவே காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் கடந்திருக்கும். அவர் அடிப்பது பந்தை அன்று; பந்து இருந்த இடத்தை. நூறு மில்லி விநாடித் தாமதத்தோடு ஆடும் நண்பனின் நிலையும் இதுவே. அவன் கையில் குறையில்லை, கண்ணில் குறையில்லை, காலத்தில் குறை.

தாமதத்தினும் கொடியது நிலையாத் தாமதம். எப்போதும் 60 மில்லி விநாடி என்றால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். இப்போது 20, அடுத்த நொடி 150, பிறகு 35 என்று துள்ளினால் எந்தக் கை பழகும்? ஆகவே சராசரியை மட்டும் பார்த்து ஏமாறலாகாது.

மூன்று பகுதிச் சாலை

நம் செய்தி செல்லும் வழியை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். முதலாவது, நம் அறையிலிருந்து வீட்டு ரவுட்டர் வரை. இரண்டாவது, அங்கிருந்து தெருக்கம்பி வழியே இணைய நிறுவனம் வரை. மூன்றாவது, நிறுவனத்திலிருந்து மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ இருக்கும் சர்வர் வரை. எந்தப் பகுதியில் முட்டுகிறது என்று அறியாமல் பணம் செலவிடுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பாராமல் பிடுங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அறிவது கடினமும் அன்று. விண்டோஸ் கணிப்பொறியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்னும் கட்டளையுடன் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் முதற்பகுதியின் தாமதம் தெரிந்துவிடும். அது ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் அடங்கி, அசையாமல் நிற்க வேண்டும். சென்ற விடுமுறையில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று இடங்களிலும் எங்கள் மூவர் வீடுகளில் இச்சோதனையைச் செய்து பார்த்தேன். மூன்று வீடுகளிலும் குறை வெவ்வேறாக இருந்தது. மூன்றிலும் இணையத் திட்டத்தை மாற்றாமலே பெரும் பகுதி தீர்ந்தது.

மயிலாப்பூர் வீடு பழைய காலத்து வீடு. கனத்த செங்கற்சுவர், கூடத்தில் இரும்பு பீரோ, பீரோவின் மேலே பெட்டிகளுக்குப் பின்னால் ரவுட்டர். "அது பாட்டுக்கு அங்க இருக்கட்டுமேடா, கண்ணுக்குத் தெரியாம" என்றார் நண்பனின் பாட்டி. கண்ணுக்கு மட்டுமன்று, வைஃபை அலைக்கும் அது தெரியாமற் போயிருந்தது. ரவுட்டரைத் தொடுவதற்கே 40, 90, 15 என்று தாவிக்கொண்டிருந்தது. மும்பையைக் குறை கூறி என்ன பயன்? கூடத்தையே தாண்ட முடியவில்லை! சில நூறு ரூபாய்க்கு ஒரு லேன் கம்பி வாங்கிச் சுவரோரமாய் இழுத்துக் கணிப்பொறியில் செருகினோம். தாமதம் ஒரு மில்லி விநாடிக்குக் கீழே இறங்கி அமைந்துவிட்டது.

தியாகராய நகர் அடுக்ககத்திலே கதை வேறு. அங்கே மாடிக்கு நான்கு வீடு. வீட்டுக்கு ஒரு ரவுட்டர். வைஃபையில் ஒரு தடத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருந்தாக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. அம்மூன்றிலும் முப்பது வீட்டார் முண்டியடித்தால் ரங்கநாதன் தெருவின் தீபாவளி மாலைதான். போதாக்குறைக்குச் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அங்கே கம்பி இழுக்க வழியில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டரை அறைவாசலருகே வைத்தோம். சுவர் தாண்டும் வலிமை அதற்குக் குறைவு. எனவே அயலார் தொல்லையும் குறைவு.

வரிசையில் நிற்கும் தாமதம்

அடையாற்று அறையில் கண்டதுதான் பலரும் அறியாதது. ஐந்து மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே இணைப்பு. ரவுட்டருக்கு 2 மில்லி விநாடி, குறையில்லை. சர்வருக்கு 30, அதுவும் குறையில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குத் திடீரென்று 300. காரணம், அறைத்தோழர் ஒருவரின் கைப்பேசி, அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் தானாகவே மேலேற்றத் தொடங்கியிருந்தது.

அஞ்சலகச் சாளரத்தில் ஒரே ஓர் அஞ்சல்தலை வாங்க வந்தவர், இருநூறு பதிவு அஞ்சல்களுடன் வந்தவரின் பின்னால் நிற்க நேர்ந்தால் என்னாகும்? அதுவே இங்கும் நிகழ்கிறது. ரவுட்டருக்குள்ளே செய்திகள் வரிசையில் காத்திருக்க இடம் உண்டு. அவ்விடம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால், படங்கள் அதனை நிறைத்துவிடும். விளையாட்டின் சிறு செய்தி கடைசியில் நிற்கும். 2010-ஆம் ஆண்டு ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டு இணைப்பிலேயே இக்குறையைக் கண்டு ஆராய்ந்தார். ‘பஃபர்புளோட்’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வரிசையின் நீளத்தைப் பாராமல், காத்திருக்கும் நேரத்தைப் பார்த்து வரிசையை ஒழுங்குபடுத்தும் முறையொன்றை வெளியிட்டனர். அம்முறையும் அதன் வழிவந்தனவும் இன்று பல ரவுட்டர்களில் உள்ளன. அவ்வசதி இல்லாத ரவுட்டரிலும், மேலேற்றும் வேகத்துக்கு வரம்பு கட்டும் ஏற்பாடு இருந்தால், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து வைத்தால் வரிசை பெருகாது. அகலத்தைச் சிறிது குறைத்தால் தாமதம் பெரிதும் குறைகிறது! ‘நூறை முந்நூறாக்கு’ என்னும் அறிவுரைக்கு இதைவிட நேர்மாறான மருந்து உண்டா?

மேலேற்றத்தை விடியற்காலைக்குத் தள்ளிவைப்பது இன்னும் எளிது. விண்டோஸ் தான் பெற்ற புதுப்பிப்புகளைப் பிற கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்து அனுப்பும் ஏற்பாட்டையும் நிறுத்திவிடலாம். இவற்றுக்குக் காசு வேண்டா. அறையிலுள்ள ஐவரும் கூடிப் பேசினால் போதும்.

தெருவும் கடலும்

இரண்டாவது பகுதி நம் கையில் இல்லை. ரவுட்டர் வரை ஒழுங்கு. வீட்டில் வேறு எவரும் இணையத்தைத் தொடவில்லை. ஆயினும் இரவு எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் தாமதம் ஏறுகிறது என்றால், நிறுவனம் தன்னால் இயன்றதைவிட அதிக வீடுகளுக்கு ஒரே வழியைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று ஐயுறலாம். மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகவும் மழைநீர் வடிகால்களுக்காகவும் தோண்டிய தெருக்களிலே கம்பிகள் அறுபட்டு, அவசரத்தில் ஒட்டப்பட்டு, மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் தொங்குவதையும் காண்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து இக்குறையைச் சொன்னபோது வந்த ஊழியர், கைப்பேசியில் வேகத்தை அளந்து காட்டி, "நூறு வருதே சார், அப்புறம் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல் அது ஒன்றுதான்.

அரசின் இலக்கணமும் அகலத்தையே முன்னிறுத்தி வந்திருக்கிறது. 2004-இல் விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் ‘பிராட்பேண்ட்’ என்றார்கள். 2013-இல் 512 ஆக்கினார்கள். 2023-இல் 2 மெகாபிட் ஆக்கினார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டுத் தரவிதிகளில் தாமதமும் ஓர் அளவாக இடம்பெற்றுள்ளது, பாராட்டுக்குரியது. ஆனால் அந்த எண் நம் தெருவில் வீடு வீடாய்ப் போடப்படும் விளம்பரத் தாளில் ஏறவில்லையே!

மூன்றாவது பகுதியில் இயற்கையே எல்லை வகுக்கிறது. வெற்றிடத்தில் விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடி இழைக்குள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டரே ஓடும். ஆயிரம் கிலோமீட்டர் போய்வரப் பத்து மில்லி விநாடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் இயங்கத் தொடங்கிய ‘ஐ-டு-ஐ’ கடலடிக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஆகவே எத்தனை ஆயிரம் ரூபாய் கட்டினாலும் அவ்வழியே சிங்கப்பூர் சென்று திரும்ப 32 மில்லி விநாடிக்குக் குறையாது. இயற்பியல் விதிக்குச் சலுகை விலைத் திட்டம் இல்லை.

எனவே விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் எந்த ஊர்ச் சர்வர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது முதற்கடமை. வாலரண்டுக்கு மும்பையிலும், கவுண்டர் ஸ்டிரைக்குக்கு மும்பையிலும் நம் சென்னையிலுமே சர்வர்கள் உண்டு. அருகில் சர்வர் இருந்தும் தாமதம் மிகுதி எனில், வழி சுற்றிச் செல்கிறது என்று பொருள். இரு நிறுவனங்கள் சென்னையிலேயே தம்முள் கைகோத்துக்கொள்ளாவிட்டால், மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குப் போகும் செய்தி பம்பாயைச் சுற்றி வரவும் கூடும்! உள்நாட்டுச் செய்தி உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்பதற்காகவே 2003-இல் தேசிய இணைய மாற்றகமான ‘நிக்ஸி’ அமைக்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு.

‘பிங் குறைக்கும்’ மென்பொருள்களையும் கட்டண வி.பி.என்.களையும் பற்றி ஒரு சொல். வழி கோணலாக இருந்தால் சில வேளை அவை நேர்வழி காட்டலாம். மற்ற வேளைகளில் ஓர் ஊரைக் கூடுதலாகச் சுற்ற வைக்கும். டி.என்.எஸ். மாற்றினால் தாமதம் குறையும் என்பதும் பொய்ந்நம்பிக்கையே. அது பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் வேலை. முகவரி தெரிந்து பயணம் தொடங்கிய பின் அதற்கு அங்கே வேலை இல்லை.

விளையாட்டுக்காகவா இவ்வளவு?

பேராசிரியப் பெருமக்கள் இவ்வாறு வினவக்கூடும். வினா நியாயமானது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றைத் தடைசெய்து, திறனால் போட்டியிடும் மின்விளையாட்டை ஏற்றுக்கொண்டது, அப்பிரிவினை சரியானதே. தேர்வுக்கு முந்திய இரவு விடிய விடிய ஆடுவோனுக்குத் தாமதமற்ற இணைப்பு நன்மை செய்யாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சதுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். 2020-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு நடத்திய முதல் இணையவழி ஒலிம்பியாடில், நம் விசுவநாதன் ஆனந்த் இடம்பெற்ற இந்திய அணி இறுதிப் போட்டியில் ரஷ்யாவை எதிர்த்தது. ஆகஸ்டு 30 அன்று, நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இளைஞர் இருவரும் இணைப்பறுந்து, கடிகாரத்தால் தோற்றார்கள். அன்று உலகெங்கும் நிகழ்ந்த இணையக் கோளாறே காரணம் என்று கண்டு, இரு நாடுகளுக்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அதற்கு முன் காலிறுதியில் ஆர்மீனிய வீரர் ஒருவர் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இணைப்பிழந்தார். முறையீடு ஏற்கப்படாததால் அந்நாடு போட்டியினின்றே விலகியது. ஒரே போட்டியில், ஒரே வகைக் குறை, ஒரு நாட்டை வெளியேற்றியது. மற்றொரு நாட்டைப் பதக்கத்தைப் பகிர வைத்தது. 2022 பிப்ரவரியில், பதினாறே வயதான பிரக்ஞானந்தா சென்னையில் இருந்தபடியே இணையவழி ஆடி உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனை வென்றதும் இதே கம்பிகளின் வழியேதான். கம்பியும் களத்தின் ஒரு பகுதி என்பதற்கு இன்னும் சான்று வேண்டுமா?

கடலடிக் கம்பிகளும் நிலையானவை அல்ல. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கம்பிகள் சேதமுற்றபோது இந்தியாவிலும் தாமதம் கூடியது. அவற்றுள் ஒன்றான சீ-மீ-வீ 4 நம் சென்னையிலும் கரையேறும் கம்பி.

மேலும், விளையாட்டுக்கு வேண்டிய அதே பண்பு நேர்முகத் தேர்வுக்கும் வேண்டும். இணையவழி நேர்காணலில் கேள்விக்கும் விடைக்கும் இடையே அரை விநாடி இழுத்தால், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று தடுமாறுவார்கள். விடை தெரிந்த மாணவன் தயங்குபவன்போல் தோன்றுவான். கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கணினிகள் வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025 மார்ச்சு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கருவி கைக்கு வந்தால் மட்டும் போதுமா? கருவியை உலகோடு இணைக்கும் வழியும் செம்மையாக இருக்க வேண்டுமன்றோ?

செய்ய வேண்டியவை

என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, இணைய நிறுவனங்கள் தம் விளம்பரத்தில் மெகாபிட்டுக்குப் பக்கத்திலேயே, இரவு ஒன்பது மணித் தாமதம் எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும். அச்சிடுமாறு ஆணையம் கட்டளையிட வேண்டும். பால் வாங்கும்போது அளவை மட்டும் பார்த்துத் தண்ணீரைப் பாராமல் விடுவதில்லையே!

இரண்டாவது, நம் கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, தாமதத்தை அளக்கும் முறையைக் கற்றுத்தர வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரத்தை அளக்கிறோம். அந்தப் பொறுமை இதற்கும் பொருந்தும். அளந்த எண்ணோடு போய்க் கேட்பவனை "நூறு வருதே சார்" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

மூன்றாவது, நண்பர்களே, நம் கடமை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. திட்டத்தை உயர்த்துமுன் ரவுட்டரை அளப்போம். ரவுட்டரை அளந்தபின் வரிசையை அளப்போம். வரிசையைச் சீர்செய்தபின் வழியை அளப்போம். வீட்டுக்குள் இருக்கும் குறையை ஒரு கம்பியாலும் ஓர் ஒப்பந்தத்தாலும் தீர்ப்போம். வீட்டுக்கு வெளியே இருக்கும் குறையை எண்களோடு எடுத்துரைத்து உரியவரைத் தீர்க்கச் செய்வோம். பெற்றோர் உழைத்து ஈட்டிய பணத்தைப் பெரிய எழுத்து விளம்பரத்துக்குக் கொடுக்குமுன், சிறிய எழுத்தில்கூட எழுதப்படாத அந்த எண்ணைக் கேட்போம். கேட்பவர் பெருகினால் சொல்பவரும் வருவர்!